கனடாப் பிள்ளையின் வயிறு

புதுச் செருப்பு வாங்கினால் நாங்கள் காலில் போட்டுப் பார்ப்போம். அவர் தண்ணீரில் போட்டுப் பார்ப்பார். வாளிக்குள் செருப்பை அமுக்கி, மிதக்காமல் இருக்க மேலே ஒரு செங்கல்லையும் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். மறுநாள் அடி கழலாமல் இருந்தால் காலில் போடுவார். கழன்றால், ஈரம் சொட்டச் சொட்டக் கையில் தூக்கிக்கொண்டு கொழும்பின் காலி வீதியால் நடந்து கடைக்குப் போவார்.

"தண்ணிக்குள்ளை போட்டனீங்களோ?" என்று கடைக்காரர் கேட்பார்.

"மழைக்குள்ளை நடக்கத்தானே வாங்கினனான்."

கடைக்காரர் வேறு சோடி எடுத்துக் கொடுப்பார்.

அவருடைய பெயரை நான் எழுதவில்லை. அவரைத் தெரிந்தவர்களுக்கு முதல் வரியிலேயே ஆள் யாரென்று விளங்கியிருக்கும். தெரியாத உங்களுக்குப் பெயர் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. நான் இதுவரை விமானத்தில் ஏறியதில்லை. பள்ளிக்கூடத்தில் படித்ததும் சாதாரண தரம் வரைதான். ஆனால் ஒரு சின்ன விமானத்தின் பெற்றோல் தாங்கியை எதனால் செய்யலாம், எதனால் செய்யக்கூடாது என்று என்னைக் கேட்டால் கொஞ்சம் சொல்லுவேன். அது அவரால் வந்தது.

யுத்த காலம். நான் அப்போது கொட்டாஞ்சேனையில் இருந்து தினமும் பஸ் ஏறி வெள்ளவத்தைக்கு வேலைக்கு வருவேன். வேலை ஒரு கொமினிக்கேசனில். இன்றைக்கு உங்களுக்கு அந்தச் சொல்லே தெரியாது. வெளிநாட்டுக்குப் பேச வேண்டுமென்றால் அந்தக் கடைக்குத்தான் வரவேண்டும். உள்ளே பலகையால் அடித்த சின்னப் பெட்டிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கண்ணாடிக் கதவு, ஒரு தொலைபேசி. நான் இலக்கத்தை அழுத்தி, மறுபக்கம் ஆள் எடுத்ததும் "கதையுங்க" என்று கை காட்டுவேன். வந்தவர்களின் அடையாள அட்டை இலக்கத்தை ஒரு கொப்பியில் எழுதி வைக்கவேண்டும். பொலிஸ்காரர் இடைக்கிடை வந்து அந்தக் கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.

பெட்டிக் கதவுகள் பேருக்குத்தான். உள்ளே பேசுவது வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாருக்கும் கேட்கும். அப்படித்தான் அந்தப் பிள்ளையின் வயிற்றைப் பற்றி எனக்குத் தெரிய வந்தது.

செருப்பை ஊறப்போடுகிற அவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் வருவார். ஐம்பது வயதுக்கு மேலே இருக்கும். மெலிந்த ஆள், முழுக்கைச் சட்டை, அந்தக் கையின் நுனியில் எப்போதும் ஏதாவது ஒரு கறை. கனடாவில் இருக்கும் கூட்டாளி ஒருவருக்குப் பேசுவார். நலம் விசாரிப்பதெல்லாம் இல்லை. நேரே விஷயத்துக்கு வந்துவிடுவார்.

"பிள்ளைக்கு வயிறு இன்னும் ஒழுகுதோ?"

நான் காதைக் கொடுத்தேன். எனக்கும் வீட்டில் ஒரு கைக்குழந்தை.

"எந்த இடத்தாலை? தையல் போட்ட இடத்தாலையோ? எனக்குத் தெரியும், அந்தத் தையல் நிக்காது. அப்ப ஒண்டு செய். வயித்தைக் கழட்டிப்போட்டு வேறை வயிறு வை."

கனடாவில் வைத்தியம் அவ்வளவு முன்னேறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "வயித்தையே மாத்துறாங்களா? எத்தினை வயசுப் பிள்ளையாம்?" என்று கேட்டாள். வயதைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை என்றேன். அடுத்த நாள் அவள் மாதா கோயிலுக்குப் போய் அந்தப் பிள்ளைக்காக ஒரு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தாள். ஓமத் தண்ணீர் காய்ச்சி ஒரு போத்தலில் ஊற்றியும் தந்தாள். கனடாவுக்கு யாராவது போனால் கொடுத்து விடட்டுமாம்.

அடுத்த ஞாயிறு அவரிடம் போத்தலைக் கொடுத்தேன். அவர் மூடியைத் திறந்து மணந்து பார்த்தார்.

"இதுக்குள்ளை என்ன போட்டவை?"

"ஓமம்தான் ஐயா. வயித்துக்கு நல்லதுன்னு வீட்டில குடுத்தாங்க. உங்க கூட்டாளியோட பிள்ளைக்கு."

அவர் என்னைப் பார்த்தார். போத்தலைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சத்தமே வராத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கும். "தம்பி, கடை பூட்டினாப் பிறகு என்னோடை வாரும்" என்றார்.

அவர் இருந்தது கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில், ஒரு வீட்டின் பின்னால் ஒட்டிக் கட்டிய அறையில். குசினியின் வெளிச்சுவரில் ஒரு நீளப் பலகை. அதில் வரிசையாக ஜாம் போத்தல்கள். எல்லாவற்றிலும் பெற்றோல். ஒவ்வொன்றுக்குள்ளும் ஏதோ ஒரு துண்டு கிடந்தது. ஒவ்வொரு போத்தலிலும் உள்ளே இருப்பது என்னவென்று சிங்களத்தில் எழுதி ஒட்டியிருந்தார்.

எனக்குக் கால் பின்னால் போயிற்று. அந்தக் காலத்தில் வெள்ளவத்தையில் ஒரு தமிழரின் வீட்டில் இத்தனை போத்தல் பெற்றோல்.

"ஏன் ஐயா இப்படி வெளியில வச்சிருக்கீங்க?"

"உள்ளை ஒளிச்சு வச்சால்தானே கள்ளம். சோதினைக்கு வந்த பொலிசுக்கு ஒவ்வொரு போத்தலா விளங்கப்படுத்தினனான். பாதியிலை போயிட்டினம்."

வீட்டுக்கார அம்மா ஜன்னலால் எட்டிப் பார்த்தார். "தம்பி, நீராவது சொல்லும். இந்த மனிசனாலை ஒருநாள் எங்கடை வீடும் பறக்கப்போகுது."

அப்போதுதான் அவர் விஷயத்தைச் சொன்னார். அவரும் அந்தக் கூட்டாளியும் இரத்மலானைப் பக்கம் ஒரு பெயிண்ட் கம்பனியின் சோதனை அறையில் வருடக்கணக்காக ஒன்றாக வேலை செய்தவர்கள். பெயிண்ட் பூசிய தகடுகளை உப்புத் தண்ணீரில், எண்ணெயில், பெற்றோலில் ஊறப்போட்டு, எது உரிகிறது என்று பார்ப்பதுதான் வேலை. கலவரத்துக்குப் பிறகு கூட்டாளி கனடாவுக்குப் போய்விட்டார். அங்கே வீட்டுக் கராஜுக்குள் தானே ஒரு சின்ன விமானத்தைச் செய்கிறார். அந்த நாட்டில் அப்படிச் செய்ய அனுமதி உண்டாம். சிறகு, வால், இருக்கை எல்லாம் சரிவந்துவிட்டது. பெற்றோல் தாங்கிதான் சரிவரவில்லை. போனில் விமானம், பெற்றோல் என்று பேசினால் கொழும்பில் இருக்கிற இவரைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று கூட்டாளிக்குப் பயம். அதனால் விமானம் பிள்ளையாயிற்று, தாங்கி வயிறாயிற்று, பெற்றோல் பாலாயிற்று.

"எனக்கு இந்த ஒளிப்பு மறைப்பு பிடிக்கிறேல்லை. அவன்தான் பிடிவாதமா நிண்டவன்" என்றார்.

ஓமத் தண்ணீரை என்ன செய்தார் என்று கேட்கிறீர்களா? அதற்குள் ஒரு அலுமினியத் துண்டைப் போட்டு வைத்தார்.

அன்றைக்கு அவர் எனக்கு ஒவ்வொரு போத்தலாகக் காட்டினார். எனக்கு விளங்கியதை உங்களுக்கு எழுதுகிறேன். நீங்கள் இதை வீட்டில் செய்து பார்க்கக்கூடாது. பெற்றோல் தூரத்து நெருப்பையும் தேடிப்போய்ப் பிடிக்கும்.

செம்புத் துண்டு கிடந்த போத்தலில் பெற்றோல் தேநீர் நிறத்துக்கு மாறியிருந்தது. அடியில் பிசின். செம்பு தான் கெடாது, உள்ளே இருப்பதைக் கெடுக்கும் என்றார். துத்தநாகம் பூசிய தகட்டின் மேல் வெள்ளை மாப்பொடி பூத்திருந்தது. பெற்றோலோடு கொஞ்சம் தண்ணீர் சேர்ந்தாலும் அப்படியாகுமாம். அந்த மா போய் எஞ்சினின் சின்னத் துவாரத்தை அடைத்தால் ஆகாயத்தில் எஞ்சின் நிற்கும். சைக்கிள் டியூப் துண்டு ஒன்று ஊதிப் பெருத்து, பிடித்தால் பிய்ந்து வந்தது. பிளாஸ்ரிக் கான் ஒன்றில் வெட்டிய துண்டு கொஞ்சம் வளைந்திருந்தது, அவ்வளவுதான். ஆனால் அதில் ஓட்டை விழுந்தால் எந்தப் பசையும் ஒட்டாது என்றார். அலுமினியம் போட்டபடியே பளபளவென்று கிடந்தது.

"அப்ப அலுமினியம்தானே ஐயா நல்லது?"

"தகடு நல்லது. தகட்டையும் தகட்டையும் பொருத்துற இடம்தான் பிரச்சினை. அவனுக்கு அலுமினியம் ஒட்டத் தெரியாது. ஆணி அடிச்சுப் பொருத்தினவன், ஒழுகுது."

தையல் போட்ட வயிறு என்பது அதுதான்.

கடைசிப் போத்தலில் மஞ்சள் நிறத்தில் கண்ணாடி போல ஒரு துண்டு. கண்ணாடி நாரையும் பிசினையும் சேர்த்துச் செய்வது, மீன்பிடி வள்ளங்கள் செய்கிறார்களே, அதே ஃபைபர்தான். கூட்டாளி தன் கையாலேயே வார்க்கலாம். சிறகின் வளைவுக்குள் சரியாகப் பொருந்தும். தையலே இல்லை. ஆகவே அதில்தான் புதுத் தாங்கி செய்யப் போகிறாராம். மாதிரிக்குக் கொஞ்சத் துண்டுகளைக் கனடாவில் இருந்து வந்த ஒருவரிடம், சொக்லேட்டோடு சேர்த்துக் கொடுத்து விட்டிருந்தார்.

"இது சரியா ஐயா?"

"ஊறட்டும்" என்றார். "ஊறப்போட்டுப் பாப்பம்."

இந்தச் சொல்தான் அவர். எதைக் கேட்டாலும் இதுதான் பதில். எங்கள் மூத்தவளின் முதலாவது பிறந்தநாளுக்கு நான் ஒரு சிவப்புச் சட்டை வாங்கி அவரிடம் காட்டினேன். உள்மடிப்பில் ஒரு நூலை உருவித் தண்ணீர் ஊற்றிய கோப்பைக்குள் போட்டார். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் இரத்தம் மாதிரி ஆகிவிட்டது. "பிள்ளை வேர்த்தால் பிள்ளையும் சிவக்கும், தம்பி" என்றார். கொண்டுபோய் மாற்றினேன்.

ஆனால் எல்லா நேரமும் அது நல்லதாக முடியவில்லை. பக்கத்து வீட்டார் சுவருக்கு எந்தப் பெயிண்ட் நல்லது என்று ஒருதரம் அவரைக் கேட்டார்கள். அவர் சின்னச் சின்னப் பலகைகளில் ஒவ்வொரு பெயிண்டையும் பூசி, வெயிலிலும் மழையிலும் வைத்தார். பதில் சொல்ல அவர் போனபோது அந்த வீட்டை விற்று ஆட்கள் போய்விட்டார்கள். கூட்டாளி அவரைக் கனடாவுக்கு வரச்சொல்லி எத்தனையோ தரம் கேட்டிருக்கிறார். "அதை ஊறப்போட்டிருக்கிறன்" என்பார். வேறு யாராவது அப்படிச் சொன்னால் நான் சிரித்திருப்பேன். அவர் சொன்னபோது சிரிப்பு வரவில்லை. இருப்பதா போவதா என்பதைக் கூட ஒரு போத்தலில் போட்டு மூடி வைத்திருக்கிறார் போல இருந்தது.

ஃபைபர் துண்டு மாதக்கணக்காக ஊறியது. நகத்தால் அழுத்திப் பார்த்தார், நிறுத்துப் பார்த்தார், வளைத்துப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டிக்குள் நின்று, "வை, அந்த வயித்தையே வை. நான் சொல்லுறன்" என்றார். அவர் அவ்வளவு உறுதியாகப் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

கூட்டாளி தாங்கியை வார்த்தார். பொருத்தினார். பெற்றோல் நிரப்பி எஞ்சினை ஓட்டிப் பார்த்தார். ஒரு துளி ஒழுகவில்லை. பறப்பதற்கு அனுமதியும் கிடைத்தது. இதெல்லாம் எனக்குப் பிள்ளையின் வயிறு ஆறி வருகிற கதையாகவே வந்து சேர்ந்தது.

பிறகு ஒரு ஞாயிறு. கடையில் நல்ல கூட்டம். அவர் பெட்டிக்குள் சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று குரலை உயர்த்தினார்.

"என்ன? பாலுக்குள்ளை சாராயமோ?"

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

"ஆர் கலக்கிறது? கடையிலேயே கலந்துதான் விக்கினமோ? எவ்வளவு நாளா நீ அதைக் குடுத்தனீ?"

வரிசையில் முதலாவதாக நின்ற ஒரு அன்ரி கைப்பையை இறுக்கிப் பிடித்தார். கனடாவில் இருக்கும் மகளுக்குப் பேச வந்தவர். இவர் பெட்டியை விட்டு வெளியே வந்ததும் அன்ரி பிடித்துக்கொண்டார்.

"நீங்களெல்லாம் என்ன மனிசர்? பச்சைப் பிள்ளைக்குச் சாராயம் குடுக்கிறதோ?"

"கொஞ்சம்தானாம்" என்றார் அவர். வேறு யோசனையில் நின்றார்.

"கொஞ்சமோ? தாய் எங்கை? தாய் பாத்துக்கொண்டே நிக்கிறாள்?"

"தாய் இல்லை, அம்மா. அவன்தான் தனிய எல்லாம் செய்தவன்."

அன்ரி வாயில் கையை வைத்தார். நான் அவரை மெதுவாக அடுத்த பெட்டிக்குள் அனுப்பினேன். அன்றைக்கு அவர் மகளுக்கு என்ன சொன்னாரோ தெரியாது.

வெளியே வந்து அவர் எனக்கு விளங்கப்படுத்தினார். அந்த நாட்டில் சில இடங்களில் பெற்றோலோடு சோளத்தில் வடித்த ஸ்பிரிட்டைக் கலந்து விற்கிறார்கள். கூட்டாளி மலிவென்று அதைத்தான் வாங்கித் தாங்கியை நிரப்பி வைத்திருக்கிறார். இவர் ஊறப்போட்டதோ கொழும்புப் பெற்றோல். அதில் ஸ்பிரிட் கிடையாது.

"நான் வேறை பாலிலை ஊறப்போட்டுப்போட்டு, அவனுக்கு வை எண்டு சொல்லிப்போட்டன்" என்றார். "பெற்றோல் கரைக்காததை ஸ்பிரிட் கரைக்கும். பெயிண்டிலை எத்தினை தரம் கண்டனான். பிசின் இளகினால் அது எஞ்சினுக்குப் போகும். இல்லையெண்டால் டாங்கி மேலை வெடிச்சு ஒழுகும். அவன் மேலை நிப்பான்."

மேலே என்றால் ஆகாயத்தில்.

முதலாவது தடவையாகப் பறக்க அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு நாள் வைத்தாயிற்று. கடிதம் போட்டால் அதற்குள் போய்ச் சேராது.

"இப்பவே திரும்ப எடுத்துச் சொல்லுங்க ஐயா."

அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். "என்னெண்டு சொல்லுறது? ஊறப்போட்டுப் பாக்கவேணும்."

எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்கவில்லை. ஒரு உயிர் இருக்கிறது, இவர் போத்தல் தேடுகிறார். ஆனால் நானும் அவரோடு போனேன். சாராயத்தையே ஊற்றிப் பார்க்கலாமே என்று சொன்னதும் நான்தான். வாங்கி ஊற்றிக் குலுக்கி வைத்தோம். மறுநாள் போனால் பெற்றோல் மேலே, சாராயம் கீழே, நடுவில் கோடு போட்டது போல இரண்டும் பிரிந்து நின்றன. சாராயத்தில் பாதிக்கு மேலே தண்ணீர். தண்ணீரும் பெற்றோலும் சேராது. ஸ்பிரிட் தண்ணீரோடு போய் அடியில் படுத்துவிட்டது. அவர் பழைய கம்பனிக்கு ஓடி, தண்ணீர் சேராத ஸ்பிரிட் கொஞ்சம் வாங்கி வந்தார். அதைப் பெற்றோலில் கலந்து, மிச்சம் இருந்த ஃபைபர் துண்டுகளைப் போட்டார். அதற்குள் செவ்வாய்க்கிழமை.

புதன் பார்த்தார். ஒன்றும் இல்லை. வியாழன் பார்த்தார். நகம் இறங்கவில்லை. வெள்ளி காலையில் நான் வேலைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தேன். அந்தப் பலகைக்கு முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் வந்ததைக் கூடக் கவனிக்கவில்லை.

அன்று மாலை கடைக்கு வந்தார். கனடாவில் அப்போது விடிகிற நேரம், கூட்டாளி வேலைக்கு வெளிக்கிட முன் பிடிக்கவேண்டும். அதே நேரம் பார்த்து எங்கள் பகுதிப் பொலிஸ்காரரும் உள்ளே வந்தார். இளம் ஆள், சிங்களவர். தமிழ் தெரியாது. மேசையில் சாய்ந்துகொண்டு கொப்பியைப் புரட்டத் தொடங்கினார். நான் இவரிடம், "ஐயா, கொஞ்சம் பொறுத்து எடுப்பமா?" என்று மெல்லக் கேட்டேன்.

"பொறுக்க நேரமில்லை, தம்பி. நம்பரை அடியும்."

அடித்தேன். கிடைத்தது. கூட்டாளி கத்திப் பேசுகிற மனிதர். அவருடைய குரலில் பாதி பெட்டிக்கு வெளியிலும் கேட்கும்.

"பிள்ளையைத் தூக்க வேண்டாம்" என்றார் இவர்.

மறுபக்கத்தில் ஒரு பெரிய சிரிப்பு. "உனக்கு ஆர் சொன்னது? ராத்திரித்தான் பிறந்தது. பெட்டைப் பிள்ளை. நான் இப்பதான் ஆசுப்பத்திரியாலை வாறன்."

கூட்டாளியின் மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. நெற்றியில் கை வைத்தபடி இவர் நின்றார்.

"சந்தோசம். நான் அந்தப் பிள்ளையைச் சொல்லேல்லை. வயிறு சரியில்லை எண்டு சொல்லுறன்."

"வயித்துக்கு என்ன? டொக்டர் பாத்தவர், எல்லாம் நல்லம் எண்டவர்."

"அதில்லையடா. மற்றப் பிள்ளை."

"மற்றப் பிள்ளையோ? ஒண்டுதானே பிறந்தது."

அவர் ரிசீவரைக் காதில் இருந்து எடுத்துக் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு கண்ணாடிக் கதவை அகலத் திறந்தார். பொலிஸ்காரரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தம்பி, மன்னிச்சுக்கொள்ளும்" என்றார்.

பிறகு அவர் பேசியது சிங்களத்தில். அவரும் கூட்டாளியும் வேலைத்தலத்தில் அத்தனை வருடம் பேசிய பாஷை அதுதான். ஏன் அப்படிச் செய்தார் என்று எனக்கு உடனே விளங்கியது. பிளேன், பெற்றோல், டாங்கி மூன்றும் தமிழிலும் சிங்களத்திலும் ஒன்றுதான். தமிழில் சொன்னால் பொலிஸ்காரரின் காதில் அந்த மூன்று சொல் மட்டும்தான் விழும். சிங்களத்தில் சொன்னால் முழுக்க விளங்கும்.

அவர் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"மச்சான், நான் உன் பேத்தியைப் பற்றிச் சொல்லவில்லை. நீ செய்த பிளேனைப் பற்றிச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பறக்காதே. பெற்றோல் டாங்கியைக் கழற்று. நான் சரியென்று சொன்னது பிழை."

கொப்பியைப் புரட்டிய கை நின்றது. "மொகத மே கியன்னே?" என்று பொலிஸ்காரர் என்னைக் கேட்டார். இவர் என்ன சொல்கிறார் என்று. நான் சிங்களத்தில், கனடாவில் இவருடைய கூட்டாளி வீட்டிலேயே ஒரு சின்ன பிளேன் செய்திருக்கிறார், அதன் டாங்கி கரையுமாம், விழுந்துவிடுவார் என்று பயப்படுகிறார் என்றேன். பொலிஸ்காரர் அவரை நோக்கி ஒரு அடி வைத்தார். பிறகு அப்படியே நின்று கேட்கத் தொடங்கினார்.

மறுபக்கம் இப்போது கத்தவில்லை. இவர் சொன்னது மட்டும்தான் எங்களுக்குக் கேட்டது.

"இல்லை. ஊறி முடியவில்லை."

...

"சில நாள்தான் ஆச்சு. பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை."

...

"ஓம், நீ கேட்பது சரி. காட்ட என் கையில் ஒன்றும் இல்லை."

...

"எனக்குத் தெரியாது. பயமாக இருக்கிறது. அவ்வளவுதான்."

உங்களுக்கு நான் ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்தத் துண்டு சில வாரங்களில் இளகியது. அவர் அதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, "அழுத்திப் பாரும்" என்றார். சவுக்காரத்தில் இறங்குவது போல நகம் இறங்கியது. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை மாலை அது அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. வருடக்கணக்காக உழைத்துச் செய்த ஒன்றை, இரண்டு நாளில் பறக்கப்போகிற ஒன்றை, காரணம் காட்டாமல் கழற்றச் சொல்லிக்கொண்டு நின்றார். கூட்டாளியின் இடத்தில் நான் இருந்திருந்தால் கேட்டிருப்பேனா என்று எனக்குச் சொல்ல முடியவில்லை.

கடைசியில் அவர் "ஹ்ம்" என்றார். "ஹரி" என்றார். சரி என்று. ரிசீவரை வைத்துவிட்டு வெளியே வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அடையாள அட்டையை அவரே எடுத்துப் பொலிஸ்காரரிடம் நீட்டினார்.

பொலிஸ்காரர் அதை வாங்கவில்லை. "எயா கெமதி வுனாத?" என்று கேட்டார். கூட்டாளி சம்மதித்தாரா என்று.

"கழற்றுகிறாராம்."

"காரணம் ஒன்றும் இல்லாமலா?"

அவர் அட்டையைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே நின்றார். பதிலை ஒருதரம் பொலிஸ்காரருக்குச் சிங்களத்தில் சொன்னார். பிறகு எனக்கு விளங்கவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, என் பக்கம் திரும்பித் தமிழிலும் சொன்னார்.

"ஊறப்போடாமல் நான் ஒரு விசயம் சொன்னது இதுதானாம் முதல் தரம். அதைக் கேட்டாப் பிறகு தனக்கு அந்தப் பிளேனிலை ஏறக் கால் வராதாம்."